பிரிஞ்சி இலையைச் சாப்பிடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிஞ்சி இலை, பிரியாணி இலை, பட்டை இலை என்று மதுரைப் பக்கம் எந்தப் பெயரில் கேட்டாலும் மளிகைக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது ஒரே காய்ந்த இலைதான். அதைச் சாப்பிடலாமா, தெரியாமல் விழுங்கிவிட்டால் என்ன செய்வது, எப்போது போட்டு எப்போது எடுப்பது என்று அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

பிரிஞ்சி இலையில் விஷம் இருக்கிறதா?

இல்லை. சமையலுக்கென்று விற்கும் பிரிஞ்சி இலையில் விஷம் எதுவும் கிடையாது. குழம்பில் வெந்து இறங்கும் சாறும் மணமும் தினமும் நம் வயிற்றுக்குள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

இலைக்கு மணம் கொடுப்பது அதிலுள்ள எண்ணெய். அதில் முக்கியமான சரக்கு யூஜெனால்; கிராம்பில் இருப்பதும் இதே பொருள்தான். உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் வரை யூஜெனாலைத் தினமும் உட்கொள்ளலாம் என்பது உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வரம்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 150 மில்லிகிராம். காய்ந்த பெரிய இலை ஒன்றின் எடை ஒரு கிராமைத் தாண்டாது. அதிலிருக்கும் மொத்த எண்ணெயே பெரும்பாலும் 20 மில்லிகிராமுக்குள் அடங்கிவிடும். மூன்று இலை போட்ட பிரியாணியை எட்டுப் பேர் சாப்பிட்டால் ஆளுக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

"விஷ இலை" என்ற பேச்சு மேலைநாடுகளிலிருந்து வந்தது. அங்கே லாரல் என்ற பெயரில் பல செடிகள் உண்டு. சமையலுக்கு ஆகும் லாரலும் அதில் ஒன்று. செர்ரி லாரல், மலை லாரல் என்ற நச்சுச் செடிகளும் அதே பெயரில்தான் அழைக்கப்படுகின்றன. நம் கடைகளில் கிடைக்கும் இலைக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் கிடையாது.

விஷமில்லை என்றால் ஏன் ஒதுக்கி வைக்கச் சொல்கிறார்கள்?

இலையின் விறைப்புதான் காரணம். கறிவேப்பிலை மெல்லியது, கொதித்தால் துவண்டுவிடும், மென்றால் கூழாகிவிடும். பிரிஞ்சி இலை அப்படியில்லை. மேலே மெழுகுப் பூச்சுப் போல ஒரு தோல், உள்ளே கெட்டியான நார், நடுவில் குச்சி போன்ற நரம்பு. இரண்டு மணி நேரம் கொதித்தாலும் வளையுமே தவிர வேகாது. எத்தனை முறை மென்றாலும் துண்டு துண்டாகுமே தவிர மசியாது. நம் வயிறு செரிக்கக்கூடிய பொருளும் அல்ல.

வெந்த இலை ஒன்றைக் குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிக் கிழித்துப் பாருங்கள். கிழிந்த ஓரம் ரம்பப் பல் போல இருக்கும். நடு நரம்பு முறிந்த இடம் பல்குத்தும் குச்சி முனை மாதிரி நிற்கும். அந்த முனை தொண்டையிலோ உணவுக் குழாயிலோ குறுக்காக மாட்டினால் கீறும். இலை உணவுக் குழாயில் சிக்கி எண்டோஸ்கோப்பி செய்து எடுத்ததும், அபூர்வமாகக் குடலைக் குத்தியதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. தினம் நடக்கிற விஷயமில்லை. ஆனாலும் ஒரு நொடியில் எடுத்துப் போட முடிந்ததை ஏன் தட்டுக்கு அனுப்ப வேண்டும்?

யாருக்கு அதிகக் கவனம் வேண்டும் என்றால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிறவர்கள், முழு பல்செட் போட்ட பெரியவர்கள். பல்செட் மேல் அண்ணத்தை மூடிவிடுவதால் வாயில் இலைத் துண்டு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. பேசிக்கொண்டே வேகமாகச் சாப்பிடும் பந்தியிலும் இதே ஆபத்துதான்.

சின்னத் துண்டு ஒன்றை விழுங்கிவிட்டேன். பயப்பட வேண்டுமா?

தொண்டையில் வலியோ உறுத்தலோ இல்லாமல் இறங்கிவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. செரிக்காமல் அப்படியே ஒன்றிரண்டு நாளில் மலத்தோடு வெளியேறிவிடும். வழக்கம்போலச் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள். வயிற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று பேதி மருந்து எடுக்க வேண்டாம்.

அடுத்த சில நாட்களில் விடாத வயிற்றுவலி, வாந்தி, காய்ச்சல், மலத்தில் ரத்தம் அல்லது தார் போன்ற கறுப்பு மலம் இருந்தால் மருத்துவரிடம் போங்கள். போகும்போது, "இத்தனை நாளைக்கு முன் பிரிஞ்சி இலையை விழுங்கினேன்" என்பதை மறக்காமல் சொல்லுங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் இலை தெரியாது; நீங்கள் சொன்னால்தான் மருத்துவருக்கு அந்தத் திசையில் யோசனை போகும்.

தொண்டையில் மாட்டியது போலவே இருக்கிறது. சோற்று உருண்டை விழுங்கலாமா?

வேண்டாம். மீன் முள் மாட்டினால் வெறும் சோற்றை உருட்டி விழுங்குவதும், வாழைப்பழத்தை முழுங்குவதும் நம்மூரில் கைவைத்தியம். அது இலைக்கும் ஆகாது. முள்ளுக்கே கூட நல்ல யோசனையில்லை. மேலாகச் செருகியிருக்கும் துண்டை உருண்டை இன்னும் ஆழமாகக் குத்திவிடும். விரலை விட்டுத் துழாவுவதும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரிந்து, நுனியைப் பிடிக்க முடிந்தால் மட்டும் எடுக்கலாம்.

மூச்சு நன்றாக வருகிறது, பேச முடிகிறது என்றால் இருமுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரை இரண்டு மூன்று மிடறு மெதுவாகக் குடித்துப் பாருங்கள். சில சமயம் துண்டு இறங்கிப் போயிருக்கும். அது கீறிய இடம் மட்டும் உறுத்திக்கொண்டிருக்கும். அந்த உறுத்தல் நேரம் ஆக ஆகக் குறையும்.

குறையாமல் ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் ஒரே இடத்தில் குத்தினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அன்றைக்கே போய்விட வேண்டும். எச்சிலைக் கூட விழுங்க முடியாமல் வழிகிறது, எச்சிலில் ரத்தம் வருகிறது, நெஞ்சு வலிக்கிறது, கழுத்து வீங்குகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மதுரைக்குள் இருப்பவர்களுக்குப் பெரியாஸ்பத்திரி எனப்படும் அரசு இராசாசி மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவிலும் உண்டு. ஊர்ப்புறத்தில் இருந்தால் 108-ஐ அழையுங்கள். போகிற வழியில் எதையும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம். எண்டோஸ்கோப்பி செய்ய வயிறு காலியாக இருப்பது நல்லது.

மூச்சே வரவில்லை, பேச்சு எழவில்லை என்றால்?

அது வேறு நிலைமை, நொடிகள் முக்கியம். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இன்னொருவர், மாட்டிக்கொண்டவரை முன்பக்கம் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை ஓங்கித் தட்ட வேண்டும். வெளியே வரவில்லையென்றால் பின்னால் நின்று கட்டிப்பிடித்து, ஒரு கையை முஷ்டியாக்கித் தொப்புளுக்குச் சற்று மேலே வைத்து, மறுகையால் அதைப் பிடித்து உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை இழுத்து அழுத்த வேண்டும். அடைப்பு விலகும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி முதுகில் 5 தட்டு, பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவே இரண்டு விரலால் 5 அழுத்து. கர்ப்பிணிக்கும் வயிற்றில் கை வைக்காமல் நெஞ்சு எலும்பின் மேல்தான் அழுத்த வேண்டும். நினைவு தப்பிவிட்டால் தரையில் கிடத்தி, தெரிந்தவர்கள் உடனே சி.பி.ஆர். எனப்படும், நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

இலையை எந்தக் கட்டத்தில் எடுப்பது?

பரிமாறும்போது தேடுவதுதான் பொதுவான பழக்கம். அதுதான் கஷ்டமான நேரமும் கூட. இலை சோற்றுக்குள் புதைந்திருக்கும், மசாலா நிறத்தில் தக்காளித் தோலும் இலையும் ஒன்றுபோலத் தெரியும்.

சீரகச் சம்பா பிரியாணியோ குஸ்காவோ செய்யும்போது அருமையான ஒரு தருணம் இருக்கிறது. மசாலா வதங்கி, கறி வெந்து, அளந்த தண்ணீர் ஊற்றிக் கொதி வருகிறதல்லவா, அப்போது இலைகள் எல்லாம் மேலே மிதந்து சுழலும். அரிசியைப் போடுவதற்கு முன், துளையுள்ள ஜல்லிக் கரண்டியால் அவற்றை எடுத்துவிடுங்கள். அதற்குள் இலை எண்ணெயில் பொரிந்து, மசாலாவோடு இருபது நிமிடத்துக்கு மேல் கிடந்திருக்கும். இறங்க வேண்டிய மணத்தில் பெரும்பங்கு எண்ணெயில் இறங்கிவிட்டது. இதற்கு மேல் இலை சட்டியில் கிடப்பது பார்வைக்குத்தான். அரிசி விழுந்த பிறகு தேடினால் சோறு உடையும். சீரகச் சம்பா பொடி அரிசி, கிளறக் கிளறக் குழையும்.

தம் போடும்வரை இலை உள்ளேயே இருக்கட்டும் என்று நினைப்பவர்கள், எடுத்த இலையைச் சோற்றின் மேலேயே முழுதாகப் பரப்பி மூடலாம். தம் உடைத்ததும் முதல் வேலையாக அவற்றைப் பொறுக்கிவிட்டுப் பிறகு கிளறுங்கள்.

சால்னாவுக்கு இன்னும் சுலபம். தேங்காய், கசகசா, சோம்பு அரைத்த விழுதை ஊற்றுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். விழுது விழுந்து கெட்டியாகிவிட்டால் இலை அடியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

எதுவாக இருந்தாலும், போடும்போது எண்ணிப் போட்டு, எடுக்கும்போது எண்ணி எடுங்கள். மூன்று போட்டு இரண்டு வந்தால் மூன்றாவது இன்னும் சட்டிக்குள்தான் இருக்கிறது.

மணம் வர இலையைக் கிழித்துப் போடுகிறார்களே?

கிழித்தால் மணம் கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், உண்மைதான். ஆனால் ஒரு இலை நான்காகும், ஓரங்களும் நான்கு மடங்காகும், பொறுக்குவதும் நான்கு மடங்கு வேலை. அதற்குப் பதிலாக இலையை முழுதாக வைத்துக் கையில் லேசாகக் கசக்கி, நரம்பு முறியாமல் ஒரு விரிசல் மட்டும் விட்டுப் போடுங்கள். சூடான எண்ணெயில் பத்துப் பதினைந்து நொடி கிடந்தால் அதே மணம் வந்துவிடும். இலையின் ஓரம் கறுக்கத் தொடங்கினால் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். கருகிய இலை குழம்பு முழுவதையும் கசக்க வைக்கும். எண்ணெய் புகைகிற சூட்டில் போட்டால் நான்கு நொடியிலேயே இது நடந்துவிடும். அடுப்பைக் குறைத்துவிட்டுப் போடுங்கள்.

இலை உடைந்து நொறுங்கித்தான் பாக்கெட்டில் இருக்கிறது என்றால், அந்தத் துண்டுகளைப் பட்டை, கிராம்போடு ஒரு வெள்ளைத் துணியில் கட்டிப் பொட்டலமாகப் போடலாம். துணி சோப்பு வாசனை இல்லாததாக இருக்கட்டும்.

எத்தனை இலை போடுவது?

அரைக் கிலோ அரிசிக்கு 2. ஒரு கிலோவுக்கு 3, இலை சிறியதாக இருந்தால் 4. ஒன்றரை லிட்டர் சால்னாவுக்கு ஒன்று போதும். நான்கு பேர் சாப்பிடும் வெஜிடபிள் குருமாவுக்கும் ஒன்றே. அதிகமானால் ஆபத்தில்லை, ஆனால் கஷாய வாடை வரும், நாக்கில் லேசாக மரத்தாற்போல ஒரு கசப்பு நிற்கும். பட்டை, கிராம்பு ஏற்கெனவே தாராளமாக விழுந்திருந்தால் இலையைக் குறைப்பதே சரி. மூன்றும் ஒரே வாசனைக் குடும்பம்.

வதக்கி அரைக்கும் குருமாவில் என்ன தவறு நடக்கிறது?

பட்டை, சோம்பு, இலை எல்லாவற்றையும் எண்ணெயில் போட்டு, வெங்காயம் தக்காளி வதக்கி, ஆறவைத்து, மொத்தத்தையும் மிக்ஸியில் தள்ளுகிறோம். இலையும் உள்ளே போய்விடுகிறது. ஈர விழுதில் இலை பொடியாவதில்லை. பிளேடில் சிக்கி ஊசி ஊசியான நறுக்காகிறது. குருமாவில் நாக்குக்குக் கூடத் தட்டுப்படாது, தொண்டையில்தான் தெரியும். முழு இலையை விட இது மோசம், ஏனென்றால் ஒதுக்கவும் முடியாது. அரைப்பதற்கு முன் இலையை எடுத்துத் தனியே வையுங்கள். தாளிப்பில் திரும்பவும் போட்டுக்கொள்ளலாம். அரைத்துத்தான் விட்டது என்றால் விழுதில் தண்ணீர் கலந்து கண் நெருங்கிய வடிகட்டியில் கரண்டியால் தேய்த்து வடித்துப் பயன்படுத்துங்கள்.

பொடியாக்கிச் சேர்த்தால் சாப்பிடலாமா?

தாராளமாக. கரம் மசாலாவில் இருப்பது இப்படித்தான். காம்பையும் நடு நரம்பையும் உருவி எறிந்துவிட்டு, இலையை வெறும் வாணலியில் சிறு தீயில் புரட்டுங்கள். மடக்கினால் 'படக்' என்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஆறிய பின் மற்றச் சரக்கோடு சேர்க்காமல் முதலில் இலையை மட்டும் சின்ன ஜாரில் அரைத்து, மாவு சலிக்கும் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். மேலே நிற்கும் திப்பியை மறுபடி அரைக்கலாம், இல்லை எறிந்துவிடலாம். 100 கிராம் மசாலாப் பொடிக்கு 4 அல்லது 5 இலை கணக்கு. விரலிடுக்கில் தேய்த்தால் நறநறவென்று இருக்கக் கூடாது.

குக்கரில் போடலாமா?

போடலாம். ஆனால் இங்கே தொண்டையை விட வெயிட் வால்வைப் பற்றித்தான் கவலை. பொங்கும்போது இலைத் துண்டு மேலே வந்து ஆவிக் குழாயின் வாயை அடைத்தால் விசில் வராது, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். சேஃப்டி வால்வு இருப்பது இதற்காகத்தான் என்றாலும் அதை நம்பிச் சமைக்க வேண்டாம்.

முழு இலையாகப் போடுங்கள், அரிசிக்கு அடியில் அழுந்தும்படி வையுங்கள். குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். அரிசி, பருப்பு போலப் பொங்குகிற சரக்கென்றால் பாதியோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் மூடும் முன் ஆவிக் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அந்தப் பக்கம் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். தீ எரிந்தும் வழக்கமான நேரத்தில் விசில் வரவில்லையென்றால் அடுப்பை அணைத்துத் தானாக ஆற விடுங்கள். வெயிட்டைத் தட்டிப் பார்க்கவோ தூக்கவோ கூடாது.

விசேஷத்துக்கு அண்டாவில் சமைக்கும்போது?

திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டியில் முனியாண்டி கோயில் திருவிழாவின்போது இரவெல்லாம் அண்டா அண்டாவாக வெந்து விடியும்போது பிரசாதமாகும் பிரியாணியைப் பார்த்தவர்களுக்கு, ஒவ்வொரு இலையாகப் பொறுக்குவது நடக்காத காரியம் என்று தெரியும். காதுகுத்து, வளைகாப்பு அளவுக்கு, அதாவது 10 கிலோ அரிசிக்கு, 20 முதல் 25 இலை போதும். அண்டா ஆழமானது, மூடியே வேகும், மணம் வெளியே போவது குறைவு. அதனால் கிலோவுக்கு மூன்று என்று அப்படியே பெருக்க வேண்டியதில்லை.

காடாத் துணியில் ஒரு முழச் சதுரம் வெட்டி வெந்நீரில் அலசி, இலை, பட்டை, அன்னாசிப்பூ, மராத்தி மொக்கு எல்லாவற்றையும் தளர்வாக முடிந்து, நூலின் மறுமுனையை அண்டாவின் காதில் கட்டிவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் எண்ணெய் உள்ளே போகாது, மணமும் வராது. இந்த முறையில் இலை எண்ணெயில் நேராகப் பொரியாததால் மணம் சற்றுக் குறையும் என்பது உண்மை. அதற்கு ஈடாக இரண்டு இலையைப் பொடித்துச் சலித்து மசாலாவில் சேர்த்துவிடலாம். பந்தியில் குழந்தைகளும் பெரியவர்களும் உட்காரும் இடத்தில் இந்த மெனக்கெடல் வீணாகாது.

கடையில் இரண்டு விதமான இலை இருக்கிறது. எது சரி?

நீளமாக, ஒரு சாண் வரைக்கும் வளர்ந்து, காம்பிலிருந்து நுனி வரை மூன்று நரம்பு ஓடினால் அது நம் நாட்டு இலை. வடக்கே தேஜ்பத்தா என்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் இலவங்கப்பத்திரி. லவங்கப்பட்டை மரத்தின் உறவு என்பதால் பட்டையும் கிராம்பும் கலந்த மணம் வரும். மேகாலயா, அசாம், சிக்கிம், உத்தராகண்ட் மலைச்சரிவுகளிலிருந்து வருகிறது. உத்தராகண்டின் இலைக்கு 2016-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் சமையலுக்கு இதுதான் பொருத்தம்.

குட்டையாக, விரல் நீளத்தில், நடுவில் ஒரே நரம்பும் பக்கவாட்டில் கிளை நரம்புகளுமாக இருப்பது மத்தியதரைக்கடல் பகுதி இலை. சூப்பர் மார்க்கெட் பாட்டில்களில் வருவது. மணம் தைலம் போல இருக்கும். சால்னாவில் போட்டால் கெட்டுப்போகாது, ஆனால் எதிர்பார்த்த வாசனை வராது.

நர்சரியில் "பிரியாணி இலைச் செடி" என்று விற்பது பெரும்பாலும் சர்வசுகந்தி, இல்லையென்றால் நீளவாட்டில் வாள் போல இருக்கும் ரம்பை. இரண்டும் சமையலுக்கு ஆகும், ஆனால் இரண்டும் வேறு வேறு செடி, வேறு வேறு மணம். அவற்றையும் முழுதாகப் போட்டு எடுத்துவிடுவதுதான் வழக்கம்.

தோட்டத்தில் இருக்கும் இலையைப் பறித்துக் காயவைத்துப் பயன்படுத்தலாமா?

நட்டவருக்கு என்ன செடி என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். இந்தப் பக்கத்தில் மெய்யான ஆபத்து பிரிஞ்சி இலையில் இல்லை, அரளியில் இருக்கிறது. நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில் வரிசையாகப் பூத்து நிற்கிறதே, அதே செவ்வரளி. காய்ந்த அரளி இலையும் நீளமாக, தடிப்பாக, மங்கிய பச்சையாக இருக்கும். பார்த்ததும் ஏமாந்துவிட முடியும். அதன் நஞ்சு நேராக இதயத் துடிப்பைக் குலைப்பது. காய்ந்தாலும் போகாது, கொதித்தாலும் போகாது.

வேறுபாடு நரம்பில் தெரியும். அரளியில் நடு நரம்பு ஒன்று மட்டும் தடித்து, அதிலிருந்து இரு பக்கமும் மயிர் மயிராகக் கிட்டத்தட்டச் செங்குத்தாகக் கோடுகள் ஓடும். நாட்டுப் பிரிஞ்சி இலையில் மூன்று நரம்பும் நீளவாக்கில் ஓடும். கிளையில் பார்த்தால் அரளி இலைகள் ஒரே கணுவில் மூன்று மூன்றாக நிற்கும். பிரிஞ்சி இலையைக் கசக்கினால் பட்டை வாசனை தூக்கும். அரளியில் அப்படி எதுவும் வராது. இத்தனையும் பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால் தூக்கி எறியுங்கள். பத்து ரூபாய் இலைக்காகச் சோதனை செய்து பார்க்க வேண்டிய விஷயமில்லை.

அரளி இலை வயிற்றுக்குள் போய்விட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி, மயக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். இலையின் மிச்சத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

நல்ல இலை பார்த்து வாங்குவது, வைப்பது எப்படி?

கீழமாசி வீதி மொத்த மளிகைக் கடைகளில் உதிரியாக வாங்கினால் கையில் எடுத்துப் பார்க்க முடியும், அதுவே நல்லது. ஆலிவ் பச்சை நிறம், முழு இலை, ஒடித்தால் உடனே மூக்கில் ஏறும் மணம். பழுப்பேறி மணமற்றுப் போனது பழைய சரக்கு, கெடுதல் செய்யாது, பிரயோஜனமும் இல்லை. வெள்ளைப் பூசணம், கறுப்புப் புள்ளி, புழுங்கல் வாடை இருந்தால் வேண்டாம். கழுவிக் காயவைத்தாலும் பூஞ்சை போகாது.

வீட்டுக்கு 25 கிராம் வாங்கினால் மாதக்கணக்கில் வரும். காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்குப் பக்கத்தில் இல்லாமல், வெளிச்சம் படாமல் வையுங்கள். ஒரு வருடத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. இரண்டு பக்கமும் தூசி இருக்கும். போடும் முன் ஈரத்துணியால் துடைத்து, துளி ஈரமும் இல்லாமல் எண்ணெயில் போடுங்கள். இல்லாவிட்டால் தெறிக்கும்.

டீ போட்டுக் குடித்தால் சர்க்கரை குறையுமாமே?

2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், சர்க்கரை நோய் உள்ள 40 பேருக்கு 30 நாள் இலைப்பொடி கொடுத்ததில் சர்க்கரை குறைந்தது. அது மத்தியதரைக்கடல் இலை. ஆட்களும் குறைவு, நாட்களும் குறைவு. அதை வைத்து மாத்திரையை நிறுத்துவது தப்பு. மாத்திரையோடு சேர்த்துத் தினமும் கெட்டியாகக் குடித்தால் சர்க்கரை தாழ்ந்துபோகவும் வாய்ப்புண்டு, எனவே மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

ருசிக்காக எப்போதாவது என்றால் இரண்டு டம்ளர் தண்ணீரில் ஓர் இலை, ஐந்து நிமிடக் கொதி, மெல்லிய துணியில் வடிகட்டு. வடிகட்டாமல் குடிக்காதீர்கள்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள்?

சாப்பாட்டில் வரும் அளவு பிரச்சினையில்லை. பொடியை ஸ்பூன் கணக்கில் சாப்பிடுவது, இலை எண்ணெய், கெட்டிக் கஷாயம் ஆகியவற்றைத் தவிர்க்கவும். கிராம்புத் தைலம் பட்டால் வாயோ தோலோ தடிப்பவர்கள் இந்த இலையிலும் கவனமாக இருக்க வேண்டும், இரண்டிலும் இருப்பது யூஜெனால்தான்.

எடுத்த இலையைக் கழுவி மறுபடி போடலாமா?

மணம் போன சக்கை அது. எறிந்துவிடுங்கள்.

அரிசி டப்பாவில் போட்டால் வண்டு வராதா?

கொஞ்சம் தள்ளிப்போகும், முழுக்கத் தடுக்காது. ஏற்கெனவே வண்டு வைத்த அரிசியில் போட்டுப் பயனில்லை. முழு இலையாகப் போடுங்கள், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். நொறுங்கிய துண்டு அரிசியோடு உலைக்குப் போய்விடாமல் களையும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சப் பிரியாணியைத் தெருநாய்க்கு வைக்கலாமா?

மத்தியதரைக்கடல் இலை நாய், பூனைகளுக்கு நச்சு என்று கால்நடை மருத்துவப் பட்டியல்களில் இருக்கிறது. எந்த இலையானாலும் விறைப்பு விறைப்புதான், நாய் மெல்லாமல் முழுங்கும். அதை விட வெங்காயமும் கூரான எலும்பும் அதற்குக் கெடுதல். வைத்தே ஆக வேண்டுமென்றால் மசாலா சேராத வெறும் சோறும் எலும்பில்லாத கறித் துண்டும் வையுங்கள்.